தாத்தாவின் இடக்கையில் ஏழு சுற்று

கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. மூன்று வருடமாக எருசலேமில் 86 வயதுப் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். சபா என்றுதான் கூப்பிடுவேன், எபிரேயத்தில் தாத்தா. மறதி நோய் முற்றிவிட்டது. பிள்ளைகள் பெயர்கூட நினைவில்லை. ஆனால் தினமும் காலையில் இடக்கையை மட்டும் நீட்டிவிடுவார், ஜெபத்துக்குக் கட்டும் தெஃபிலின் என்கிற தோல்வாரைக் கட்ட வேண்டும் என்று. சில நாள் கட்டி அவிழ்த்த அரை மணி நேரத்தில் மறுபடி நீட்டுவார். சனிக்கிழமையும் நீட்டுவார், அன்று கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறார். மகனோ, "அப்பாவுக்கு இப்போது எந்தக் கடமையும் இல்லை, சிரமமாக இருந்தால் விட்டுவிடுங்கள்" என்கிறார். மகள் விடக்கூடாது என்கிறார். நான் சபைக்குப் போகிறவள். வேதத்தில் பரிசேயரின் காப்புநாடா என்று வாசித்தது இதுதான் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. யாரிடம் ஜெபிக்கிறோம் என்றே நினைவில்லாமல் செய்கிற கட்டளைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? நான் செய்வது சரியா?
(பெயர் வேண்டாம், எருசலேம்)

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்வது சரி. மகன் சொல்வதிலும் தப்பில்லை. யூதச் சட்டத்தில், சித்தம் தெளிவில்லாமல் போனவருக்குக் கட்டளைகளின் பொறுப்பு கிடையாது. எந்த அளவு மறதி வந்தால் அந்த விலக்கு பொருந்தும் என்பது அவர்கள் குடும்பத்து ரபி, அதாவது யூத மதகுரு, பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனால் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆகவே மகனைப் பக்தியில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவுக்கும் உங்களுக்கும் சேர்த்து இரக்கப்பட்டுத்தான் அவர் பேசுகிறார்.

ஆனால் விலக்கு இருக்கிறது என்பதால் அந்தச் செயலுக்கு மதிப்பு போய்விடுமா? உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் கல்லூரியில் சமயங்களைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். மாணவர்கள் இந்தக் கேள்வியை எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் தோல்வாரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டவர் நீங்கள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் "மனசு சுத்தமாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் சடங்கு" என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். இந்துவும் சொல்வார், கிறிஸ்தவரும் சொல்வார். உள்ளம் முதலில் திரும்ப வேண்டும், செயல் பின்னால் வர வேண்டும் என்பது நமக்குப் பழகிய வரிசை. யூத வாழ்க்கையில் இந்த வரிசை பல இடங்களில் தலைகீழாக இருக்கும். யாத்திராகமம் 24:7ஐ எபிரேயத்தில் வாசித்தால், சீனாய் மலை அடிவாரத்தில் ஜனங்கள் சொன்ன பதில் "செய்வோம், கேட்போம்" என்று இருக்கும். செய்வது முன்னால், கேட்பது பின்னால். என்னவென்று கேட்பதற்கு முன்பே செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்களே என்று ரபிமார்கள் அந்த இரண்டு சொற்களை நூற்றாண்டுக்கணக்கில் கொண்டாடியிருக்கிறார்கள்.

அந்தச் 'செய்வோம்' என்பதற்குள் அடங்குவதுதான் மிட்ஸ்வா. கட்டளை என்று அர்த்தம். பேச்சு வழக்கில் நல்ல காரியம் என்றும் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கடையில் பால் வாங்கிக் கொடுத்தாலும் மிட்ஸ்வா செய்தாய் என்பார்கள், உங்கள் காதிலும் விழுந்திருக்கும். மொத்தம் 613 என்பது, தால்மூத் என்ற பழைய யூதச் சட்ட விளக்கத் தொகுப்பில் ரபி சிம்லாய் சொன்ன கணக்கு. செய் என்பவை 248, மனித உடம்பின் உறுப்புகளின் எண்ணிக்கை. செய்யாதே என்பவை 365, சூரிய ஆண்டின் நாட்கள். இவற்றில் பாதிக்கு மேல் எருசலேம் ஆலயம் இருந்த காலத்துக்கும் விவசாயத்துக்கும் மற்ற தனி நிலைகளுக்கும் உரியவை. இன்று ஒரு யூதர் எல்லாவற்றையும் செய்யவே முடியாது. ஆனால் அந்தக் கணக்கு சொல்லும் செய்தியைக் கவனியுங்கள். உடம்பின் ஒவ்வொரு உறுப்பும், வருடத்தின் ஒவ்வொரு நாளும் கூப்பிடப்படுகிறது. கூப்பிடப்படுவது மனம் மட்டும் அல்ல.

13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதப்பட்ட, 613 கட்டளைகளை ஒவ்வொன்றாக விளக்கும் ஒரு நூலில், செயல்கள் போகும் வழியில்தான் உள்ளம் இழுபடுகிறது என்று ஒரு வரி வருகிறது. அதற்கும் முன்னால் மைமோனிடஸ் என்ற யூத அறிஞர் ஒரு கணக்குப் போட்டார். உன்னிடம் ஆயிரம் காசு இருக்கிறது. ஒரே ஏழைக்கு ஆயிரத்தையும் கொடுப்பதைவிட ஆயிரம் தடவை ஒவ்வொரு காசாகக் கொடு என்றார். வாங்குகிறவர் பக்கம் நின்று அவர் பார்க்கவில்லை. ஒரு தடவை அள்ளிக் கொடுத்தவன் ஒரு தடவைதான் கொடுத்தான். ஆயிரம் தடவை விரலைத் திறந்தவனுக்குக் கை திறந்தே பழகிவிடும். இந்த மைமோனிடஸ் மருத்துவர், எகிப்தில் அரசவைக்கு வைத்தியம் பார்த்தவர். பழக்கம் உடம்பில் எப்படி இறங்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இப்போது உங்கள் சபாவைப் பாருங்கள். பதின்மூன்று வயதில் தொடங்கி விடாமல் கட்டியிருந்தால், ஓய்வுநாளான சனிக்கிழமையும் பண்டிகையும் போக வருடத்துக்கு ஏறத்தாழ 300 நாள். இருபதாயிரம் தடவைக்கு மேல் அந்தக் கை நீண்டிருக்கிறது. பெயர்களையும் தேதிகளையும் மூளை வைத்திருக்கும் இடம் வேறு, கை பழகிய வேலையை வைத்திருக்கும் இடம் வேறு. முன்னது அழிந்த பிறகும் பின்னது வெகுநாள் நிற்கும் என்பது உங்கள் தொழிலில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர் பொருள் தெரியாமல் செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் இன்னும் மிஞ்சியிருக்கிற இடம் அந்தக் கை என்று எனக்குத் தோன்றுகிறது.

நானே ஒன்று பார்த்தேன். எருசலேமில் இரண்டு வருடம் எபிரேயம் படித்தபோது ஒரு வயதான அம்மாவின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஒரு புதன்கிழமை அவருடைய தம்பி இறந்துவிட்டார். உங்களுக்குத் தெரியும், அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து துக்கம் காப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சூரியன் மறைய நாற்பது நிமிடம் இருக்கும்போது ஊர் முழுக்கச் சங்கு ஊதுமே, அது ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மா முக்காலியிலிருந்து எழுந்தார். முகம் கழுவினார். கிழித்த உடையை மாற்றினார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு மெழுகுவத்தி வைத்துக் கொளுத்தினார். சுடரின் மேல் கைகளை மூன்று தடவை வட்டமாக வீசித் தன் பக்கம் இழுத்து, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆசீர்வாதம் சொன்னார். ஓய்வுநாளில் வெளிப்படையாகத் துக்கம் காட்டக்கூடாது என்பது சட்டம். மற்ற வெள்ளிக்கிழமைகளில் சில நொடியில் கையை எடுத்துவிடுவார். அன்று வெகுநேரம் எடுக்கவில்லை. சனிக்கிழமை இருட்டிய பிறகு மறுபடி அந்த முக்காலிக்குப் போனார்.

அவருக்கு அன்று விளக்கேற்ற மனசு இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வீடு இருட்டாகவே இருந்திருக்கும். அவரை எழுப்பி நிறுத்தியது கட்டளை.

தால்மூத்தில் ரபி ஹனினா சொன்ன ஒரு வாக்கு இருக்கிறது. கட்டளை இல்லாமல் செய்கிறவனைவிட, கட்டளை இருப்பதால் செய்கிறவன் பெரியவன். முதல் தடவை படித்தபோது எனக்கு இது பிடிக்கவே இல்லை. தானாக விரும்பிச் செய்கிறவன் அல்லவா உயர்ந்தவன்? பிற்கால உரைகாரர்கள் அழகாக விளக்குகிறார்கள். கட்டளை இல்லாதவன் கூடையில் ரொட்டி வைத்திருப்பவனைப் போல. வேண்டுமானால் சாப்பிடலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம், கவலை இல்லை. கட்டளை உள்ளவனுக்கோ தவறிவிடுவோமோ என்ற பயம் நாள் முழுக்க உண்டு. உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். நோயாளியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வருகிற உறவுக்காரர் அன்பாகத்தான் வருகிறார். ராத்திரி மூன்று மணிக்கு ஈரத்துணியை மாற்ற எழுந்திருக்கிறவர் நீங்கள். அந்த நேரத்தில் அன்பு பொங்கி வழிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. எழுந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இந்த வாக்கு எந்தக் கதையின் முடிவில் வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பெற்றோரை எதுவரை மதிக்க வேண்டும் என்று ரபி எலியேசரிடம் கேட்டார்கள். அஸ்கலோனில் ஒரு மனிதர் செய்ததைப் போய்ப் பாருங்கள் என்றார். அவர் பெயர் தாமா பென் நெத்தினா, யூதர் அல்ல. ஆசாரியரின் ஏபோத் என்ற உடைக்கு ஒரு இரத்தினம் வேண்டுமென்று பெரும் தொகையோடு அவரிடம் வந்தார்கள். பெட்டிச் சாவி, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் தலைமாட்டில் இருந்தது. எழுப்ப மாட்டேன் என்று வியாபாரத்தையே விட்டுவிட்டார். அடுத்த வருடம் அவருடைய மந்தையில் ஒரு சிவப்புக் கிடாரி பிறந்தது. ஆலயத்துக்கு அது கிடைத்தற்கரிய பொருள். என்ன விலை கேட்டாலும் தருவீர்கள் என்று தெரியும், அப்பாவுக்காக இழந்ததை மட்டும் கொடுங்கள் என்றார். கட்டளையின் பெருமையைச் சொல்ல வந்த இடத்தில் தால்மூத், கட்டளை இல்லாத ஒருவரைத்தான் முதியவரை மதிப்பதற்கு உதாரணமாக நிறுத்துகிறது. நீங்கள் யூதப் பெண் அல்ல என்பதால் அந்த வீட்டில் உங்கள் இடம் கீழானது என்று ஒருபோதும் நினைக்காதீர்கள்.

சரி, உங்கள் சபையில் கேட்டு வளர்ந்ததற்கு வருவோம். நியாயப்பிரமாணம் ஒரு சுமை, அதைச் செய்து யாரும் நீதிமானாக முடியாது என்று கேட்டிருப்பீர்கள். உங்கள் விசுவாசத்தை நான் அசைக்க வரவில்லை. யூதர்கள் தங்கள் கட்டளைகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். இரட்சிப்பை வாங்கும் விலையாக அவர்கள் அதைப் பார்ப்பதில்லை. யாத்திராகமம் 20ஐத் திறந்தால், எதையும் கட்டளையிடுவதற்கு முன்னால், உன்னை எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து புறப்படப்பண்ணினேன் என்றுதான் ஆரம்பிக்கிறது. விடுதலை முதலில் வந்தது, கட்டளை பிறகு வந்தது. பத்துக் கட்டளைகளில் முதலாவதாக அவர்கள் எண்ணுவதே அந்த வசனத்தைத்தான். கூலிக்காக எஜமானுக்கு வேலை செய்கிற ஊழியனைப் போல இருக்காதே என்று பழைய ஞானி ஒருவர் சொன்னது இன்றும் அவர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் பாடம். மத்தேயு 23இல் இயேசு கண்டிப்பதும் காப்புநாடாவை அகலமாக்கி ஊருக்குக் காட்டுவதுதான். படுக்கையறையில் உங்களைத் தவிர யாரும் பார்க்காத ஒரு பெரியவர் கை நீட்டுவதில் காட்டிக்கொள்ள என்ன இருக்கிறது?

யூதர்கள் எல்லோரும் இதில் ஒரே கருத்து கொண்டவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். சீர்திருத்த யூதர்கள் 1885இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கூடி, உணவு, உடை பற்றிய பழைய சட்டங்கள் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்று அறிவித்தார்கள். 1999இல் அதே ஊரில் கூடியபோது கட்டளைகளை மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். எருசலேமிலேயே வாழ்ந்த யூதச் சிந்தனையாளர் எஷயாகு லெய்போவிட்ஸ், கட்டளையால் எனக்கு என்ன நன்மை என்று கேட்பதே தவறு, தேவனுக்குச் செய்யும் சேவை என்பது மட்டுமே அதன் அர்த்தம் என்று கடைசிவரை பிடிவாதமாகச் சொன்னார். தெஃபிலின் கட்டுகிறீர்களா என்று கேட்டபோது ஜெர்மன் யூதத் தத்துவஞானி பிரான்ஸ் ரோசன்ஸ்வைக் சொன்ன பதில் பிரபலம்: "இன்னும் இல்லை." எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடிக்கும். மறுப்பும் இல்லை, பொய்யும் இல்லை.

இனி, உங்கள் சபாவுக்கு மிக நெருக்கமான ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராவ் யோசேப்பு, ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோன் நாட்டில், இன்றைய ஈராக்கில் வாழ்ந்த ஆசான். கண் தெரியாதவர். குருடருக்குக் கட்டளைகளில் விலக்கு உண்டு என்று ஒரு ரபி சொல்லியிருந்தார். அதுதான் சட்டம் என்று யாராவது உறுதி செய்தால் விருந்து வைப்பேன் என்றாராம் ராவ் யோசேப்பு. கடமை இல்லாமலே செய்கிறேனே என்ற சந்தோஷம். அப்புறம் ரபி ஹனினாவின் வாக்கைக் கேட்டார். உடனே மாற்றிக்கொண்டார்: அது சட்டம் இல்லை, உனக்கும் கடமை உண்டு என்று யாராவது சொல்லட்டும், அதற்கு விருந்து வைக்கிறேன். விலக்கைவிட, கூப்பிடப்பட்டவர்களில் ஒருவனாக இருப்பதையே அந்தப் பார்வையற்ற மனிதர் விரும்பினார். மகள் அப்பாவுக்காகப் பிடித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இதே ராவ் யோசேப்பு நினைவாற்றலுக்குப் பேர்போனவர். அவ்வளவு படிப்பை மனதில் வைத்திருந்ததால் அவரைச் 'சீனாய்' என்றே அழைத்தார்கள். பிறகு நோய் வந்து படித்ததெல்லாம் மறந்துபோனது. அவருடைய மாணவர் அபாயே பக்கத்திலிருந்து, "இதை எங்களுக்கு நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்" என்று எடுத்துக்கொடுப்பாராம். உபாகமம் 10:2ஐ உங்கள் வேதத்தில் எடுத்துப் பாருங்கள். மோசே உடைத்த பலகைகளைச் சொன்ன கையோடு, பெட்டியிலே வைப்பாயாக என்று வரும். அதை ராவ் யோசேப்பு இப்படி வாசித்தார்: புதிய பலகைகளும் உடைந்த பலகைகளும் ஒரே உடன்படிக்கைப் பெட்டியில்தான் இருந்தன. அதனால், தன் தவறு இல்லாமல் கற்றதை மறந்துபோன பெரியவரை யாரும் இழிவாக நடத்தக்கூடாது.

நடைமுறைக்கு வருகிறேன்.

தெஃபிலினுக்கு உடம்பு சுத்தம் கட்டாயம். எனவே முதலில் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், சுத்தம் செய்து, உடை மாற்றிவிட்டுப் பையை எடுங்கள். பையைத் தரையில் வைக்க வேண்டாம், கழிப்பறைக்குள் கொண்டுபோக வேண்டாம். கையில் கட்டுவது முதலில், தலையில் வைப்பது பிறகு. அவிழ்க்கும்போது தலையிலிருப்பது முதலில். இரண்டுக்கும் நடுவே அவர்கள் பேச மாட்டார்கள், நீங்களும் அந்த ஒரு நிமிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். வாரோடு இருக்கும் சிறு பெட்டிகளின் உள்ளே தோலில் எழுதி வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்த வசனங்கள்தான், யாத்திராகமம் 13இலிருந்தும் உபாகமம் 6, 11இலிருந்தும். "இஸ்ரவேலே, கேள்" அதில் இருக்கிறது.

யூதர் அல்லாத ஒருவர் முழுவதையும் தன் கையாலேயே கட்டிவிடலாமா என்பதை மகளிடம் சொல்லி ரபியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை, சட்டைக் கையைச் சுருட்டிவிடுவது, முழங்கையைத் தாங்கிக்கொள்வது, வாரின் நுனியை அவருடைய வலக்கையில் கொடுப்பது, இதோடு நிறுத்திக்கொண்டு சுற்றுவதை அவரே செய்ய விடுங்கள். முழங்கைக்குக் கீழே ஏழு சுற்று. நேரம் ஆகும், ஆகட்டும். கடைசியில் நடுவிரலில் மூன்று சுற்று வரும். அப்போது சொல்வது ஓசியா 2இல் வருகிற, நித்திய விவாகத்துக்கென்று உன்னை நியமித்துக்கொள்வேன் என்ற வசனம். மற்ற ஜெபமெல்லாம் போனாலும் அந்த இடத்தில் அவர் உதடு அசைகிறதா என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள்.

அரை மணி நேரத்தில் மறுபடி நீட்டினால் எரிச்சல்பட வேண்டாம். பகலில் மறுபடி கட்டுவது குற்றமில்லை. பழைய காலத்தில் நாள் முழுவதும் கட்டியிருந்தவர்களும் உண்டு. உங்களுக்கு வேலை இருந்தால், கொஞ்சம் கழித்து என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்து உட்காருங்கள். அவர் கையை இழுத்துக்கொள்கிற நாளில் வற்புறுத்தாதீர்கள். மகன் சொன்ன விலக்கு அந்த நாளுக்கு உதவும், மகளும் ஒத்துக்கொள்வார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அவருக்கு மூச்சுத் திணறல், மயக்கம் என்று எது வந்தாலும், ஓய்வுநாளாக இருந்தாலும் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு, 101க்குப் போன் செய்யுங்கள். உயிரைக் காப்பதற்கு முன்னால் ஏறக்குறைய எல்லாக் கட்டளையும் விலகி நிற்கும். இவைகளால் பிழைப்பான் என்று லேவியராகமம் 18:5 சொல்கிறது, இவைகளால் சாவதற்கு அல்ல என்பது ரபிமார்களின் தீர்ப்பு. அன்று மகளே வீட்டில் இருந்தால் அவரே போனை எடுப்பார்.

சனிக்கிழமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெஃபிலின் ஒரு அடையாளம். ஓய்வுநாளும் ஒரு அடையாளம். ஒன்று இருக்கும்போது மற்றது வேண்டாம் என்பதால்தான் அன்று கட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானமே பையை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள், கண்ணில் பட வேண்டாம். ஜெபச் சால்வையை அன்றும் போர்த்திக்கொள்ளலாம். சனி காலையில் அவர் கையை நீட்டும்போது சால்வையைத் தோளில் போர்த்தி, அதன் ஓரத்துத் தொங்கலை அந்த உள்ளங்கையில் வையுங்கள். முடிச்சுகளை விரல் தேடிப்போகும்.

அன்புடன்.